எலுமிச்சைக்கு இங்கிலீஷில் என்ன பேர்?

ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளுக்குள் என்ன வித்தியாசம் என்று கேட்டு இந்த மாதமும் ஒரு கட்டு கடிதம் வந்திருக்கிறது. புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இங்கிலீஷ் வாத்தியார் இல்லை. சிவகாசி அச்சகங்களில் முப்பத்தோரு வருஷம் ப்ரூஃப் பார்த்தவன். தீப்பெட்டி லேபிள், ஊறுகாய் லேபிள், பட்டாசுப் பெட்டி, காலண்டர், பில் புத்தகம் இவைதான் நான் படித்த பாடம். இலக்கண விதி கேட்டால் தடுமாறுவேன். எந்த வார்த்தை எந்த அட்டையில் தப்பாக அச்சானது, அதற்கு யார் திட்டினார்கள் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன்.

ஹோட்டலில் 'லெமன் ரைஸ்' என்கிறார்கள். அதே ஹோட்டலில் 'ஃப்ரெஷ் லைம் சோடா' என்கிறார்கள். இரண்டுக்கும் பிழிவது ஒரே எலுமிச்சை. அப்படியென்றால் லெமனும் லைமும் ஒன்றுதானா?
– குடும்பத்தலைவி, ராஜபாளையம்

ஒன்றில்லை. பழமே வேறு. புளியங்குடிச் சந்தையில் மூட்டை மூட்டையாக ஏலம் போகிறதே, சின்னதாய், உருண்டையாய், தோல் மெல்லிசாய், அது லைம். வேளாண்மை படித்தவர்கள் அதை 'ஆசிட் லைம்' என்றுதான் எழுதுவார்கள். லெமன் என்பது கோழிமுட்டை அளவில், தடித்த தோலோடு, ஒரு நுனியில் காம்பு மாதிரி துருத்திக்கொண்டு இருக்கும் மஞ்சள் பழம். பெரிய ஊர்க் கடைகளில் ஒவ்வொன்றுக்கும் ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். பச்சையாக இருந்தால் லைம், மஞ்சளாக இருந்தால் லெமன் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். நம் பழமும் பழுத்தால் மஞ்சள்தான். போன மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், தங்கள் ஊர்த் தேசிக்காய் இதில் எது என்று கேட்டிருந்தார். அதுவும் லைம்தான்.

ஆக, உங்கள் ஹோட்டலில் சோடா சரி, சாதம் தப்பு. அதற்காக 'லைம் ரைஸ்' என்று யாரும் கேட்கப்போவதில்லை. இந்திய இங்கிலீஷில் அந்தப் பெயர் ஊறிவிட்டது, விட்டுவிடலாம். ஆனால் லேபிளில் விட முடியாது.

நான் விட்டேன். ஒரு ஊறுகாய்க் கம்பெனி லண்டனுக்கு அனுப்ப லேபிள் கொடுத்திருந்தார்கள். முன்பக்கம் 'லைம் பிக்கிள்' என்று இருந்தது. பின்பக்கம் சேர்மானப் பட்டியலில் 'லெமன் 62 சதவீதம்' என்று இருந்தது. ஒரே லேபிளில் ஒரே பொருளுக்கு இரண்டு பெயரா என்று, புத்திசாலித்தனமாக முன்பக்கத்தையும் லெமன் ஆக்கிவிட்டேன். வாடிக்கையாளர் பார்த்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார். சரக்கு போன பிறகு அங்கே வாங்குகிறவர் ஜாடியைத் திறந்து பார்த்துவிட்டு, 'உள்ளே லைம் இருக்கிறது, வெளியே லெமன் என்று போட்டிருக்கிறீர்கள்' என்று எழுதினார். அந்த ஊர்க்காரருக்கு அது மாங்காய் ஊறுகாய்க்கு நெல்லிக்காய் என்று பெயர் போட்ட மாதிரி. லேபிள் எல்லாவற்றையும் திரும்ப அடித்துக் கொடுத்தோம். பேப்பர் காசில் பாதி என் சம்பளத்தில் போனது.

அதற்கு அப்புறம்தான் இந்த இரண்டு வார்த்தைகளையும் துரத்திப் படித்தேன். படித்தபோது, நான் செய்தது ஒன்றுமேயில்லை என்று தெரிந்தது. பிரிட்டிஷ் கடற்படையே இதில் சறுக்கியிருக்கிறது.

அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் கப்பலில் போகிறவர்களுக்கு ஸ்கர்வி வரும். ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், ஆறிப்போன பழைய காயம்கூடத் திறந்துகொள்ளும், கடைசியில் ஆளே போய்விடுவான். 1747-இல் சாலிஸ்பரி என்ற கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர், நோயாளி மாலுமிகள் பன்னிரண்டு பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒரு ஜோடிக்கு வினிகர், ஒரு ஜோடிக்குக் கடல்தண்ணீர், ஒரு ஜோடிக்கு ஆப்பிள் சாராயம், இப்படி ஆறு விதம். ஒரு ஜோடிக்கு மட்டும் தினமும் இரண்டு ஆரஞ்சு, ஒரு லெமன். ஆறு நாளில் பழம் தீர்ந்துவிட்டது. அதற்குள் அந்த இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் அளவுக்குத் தேறிவிட்டார். அதன் பிறகும் அரசாங்கம் அசைய நாற்பத்தெட்டு வருஷம் ஆனது. 1795-இல்தான் கடற்படை லெமன் சாற்றைக் கட்டாயமாக்கியது. நோயும் ஓய்ந்தது.

இனிமேல்தான் நம் கதை. லெமன் வந்தது மத்தியதரைக் கடல் பக்கமிருந்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், சொந்தக் காலனியான மேற்கிந்தியத் தீவுகளிலேயே லைம் விளையும்போது வெளியில் ஏன் வாங்கவேண்டும் என்று லைமுக்கு மாறினார்கள். அன்றைய பேச்சு வழக்கில் லெமன் சாற்றையும் 'லைம் ஜூஸ்' என்றே சொல்லிவந்தார்கள். பெயர் ஒன்று, புளிப்பும் ஒன்று, அப்புறம் என்ன வித்தியாசம்? பெயர் ஒன்றாக இருந்ததால் பழம் மாறியது யாருக்கும் உறைக்கவில்லை. நீராவிக் கப்பல் வந்து பயணம் சுருங்கிவிட்டதால் நோயும் தலைகாட்டவில்லை. 1875-இல் வடதுருவம் தேடி நேர்ஸ் என்பவர் தலைமையில் போன கப்பல்களில்தான் குட்டு உடைந்தது. லைம் ஜூஸ் இருந்தும் ஸ்கர்வி வந்தது. விசாரணை வைத்தார்கள். பனிச்சறுக்கு வண்டியில் போனவர்கள் சாற்றைக் கூடவே எடுத்துப் போகாததுதான் குற்றம் என்று தீர்ப்பானது. சாற்றின் மேலேயே சந்தேகப்பட்டவர்கள் எலுமிச்சையே பிரயோஜனமில்லை, வேறு காரணம் தேடு என்று கிளம்பினார்கள். கையில் இருந்த மருந்தை ஒரு தலைமுறை தொலைத்தது.

முதல் உலகப் போர் முடிகிற சமயத்தில் லண்டன் லிஸ்டர் ஆய்வு நிலையத்தில் ஹாரியட் சிக் முதலான பெண் விஞ்ஞானிகள் இரண்டு சாற்றையும் தனித்தனியே சோதித்தார்கள். ஸ்கர்வியைத் தடுப்பதில் லைம் சாற்றுக்கு லெமன் சாற்றின் கால்வாசி பலம்தான் இருந்தது. அவர்களில் ஆலிஸ் ஹெண்டர்சன் ஸ்மித் என்பவர் பழைய கடற்படை ஏடுகளைப் புரட்டினார். நோயை ஓட்டிய காலத்து 'லைம் ஜூஸ்' உண்மையில் லெமன் என்பதைக் கண்டுபிடித்தார். ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து அவர் செய்தது ப்ரூஃப் பார்க்கும் வேலை. எனக்கு அவர் பேரில் தனி மரியாதை உண்டு.

இன்னொன்று. லைம் என்றால் சுண்ணாம்பு என்றும் அர்த்தம் உண்டு. அது வேறு குடும்பம். பழத்தின் பெயர் அரபு வழியாக வந்தது, சுண்ணாம்பின் பெயர் பழைய இங்கிலீஷ். வெற்றிலைப் பெட்டியில் இரண்டையும் சேர்த்து வைக்கிறவர்கள் குழம்பவேண்டாம்.

காலண்டருக்கு இங்கிலீஷில் ஸ்பெல்லிங் எழுதும்போது கடைசியில் ஏ வருமா, ஈ வருமா? இரண்டும் பார்த்திருக்கிறேன்.
– கல்லூரி மாணவர், கோவில்பட்டி

ஏ. ஆனால் ஈ போட்டாலும் அது தப்பான வார்த்தை இல்லை, வேறு வார்த்தை. அதுதான் ஆபத்து.

எங்கள் ஊரில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அன்றிலிருந்து மார்கழி வரை யாருக்கும் தூக்கம் கிடையாது. அப்படியொரு சீசனில் ஒரு ஜவுளிக்கடையின் மாதக் காலண்டர், நாலாயிரம் பிரதி. தலைப்பில் கொட்டை எழுத்து. டைப் செய்த பையன் ஏ-க்குப் பதில் ஈ போட்டுவிட்டான். கம்ப்யூட்டரில் எழுத்துப்பிழைச் சோதனையும் போட்டுப் பார்த்தான். கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் தேதிகளையும் பண்டிகைகளையும் முகூர்த்த நாட்களையும் எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டுத் தலைப்பை விட்டுவிட்டேன். பெரிய எழுத்தில் வரும் பிழை கண்ணுக்குத் தெரியாது என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். தகரம் அடித்து, சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டபிறகு கடைக்காரர் மகள் பார்த்துச் சொன்னாள்.

கம்ப்யூட்டர் ஏன் சும்மா இருந்தது என்றால், ஈ போட்ட காலண்டர் ஒரு இயந்திரம். ஒன்றன்மேல் ஒன்றாக உருளைகள் இருக்கும். நடுவே பேப்பரையோ துணியையோ விட்டு அழுத்தி வழவழப்பாக்குவார்கள். சிலிண்டர் என்கிற சொல்லுக்குச் சொந்தக்காரச் சொல் இது. பேப்பர் கடையில் 'சூப்பர் காலண்டர்டு' என்று கேட்டு வாங்குவது அப்படி மெருகேற்றிய தாளைத்தான்.

ஏ போட்ட காலண்டர் ரோமானியர்களின் கடன் கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது. மாதத்தின் முதல் நாளை அவர்கள் கலண்டே என்பார்கள். வட்டி கட்டவேண்டிய நாள் அது. கணக்கு எழுதும் ஏடு கலண்டாரியம். ஒண்ணாம் தேதி வந்தால் வாடகை கேட்கும் வீட்டுக்காரர் முகம் நினைவுக்கு வருகிறதல்லவா, அந்த நினைவு இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழசு.

ஷேட், ஷேடோ இரண்டுக்கும் அகராதியில் நிழல் என்றுதான் போட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
– பள்ளி ஆசிரியை, விளாத்திகுளம்

உங்கள் ஊரிலேயே பதில் நிற்கிறது டீச்சர். பனைமரத்துக்கு ஷேடோ உண்டு, ஷேட் கிடையாது. சாயங்காலம் பனையின் நிழல் வரப்பைத் தாண்டி நீளமாக விழும், உருவம் தெரியும். அது ஷேடோ. அதில் போய் உட்கார முடியுமா? வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுக்கிறோமே, அது ஷேட். உருவம் இருந்தால் ஷேடோ, ஒதுங்க இடம் இருந்தால் ஷேட். ஜன்னலுக்கு மேல் கொத்தனார் போடுவது சன்ஷேடு, அதுவும் ஒதுங்கத்தான்.

தமிழில் இரண்டுக்கும் நிழல் என்று ஒரே சொல் போதுமாக இருக்கிறது. இங்கிலீஷிலும் ஒரு காலத்தில் ஒரே சொல்தான் இருந்தது. இது எனக்குப் பிடித்த சங்கதி. தமிழில் 'மரம்' என்கிறோம். உருபு சேரும்போது 'மரத்தை, மரத்தில்' என்று 'மரத்து' ஆகிவிடுகிறது. பழைய இங்கிலீஷிலும் பெயர்ச்சொற்கள் அப்படி உருமாறும். நிழல் என்ற சொல் தனியாக நின்ற வடிவம் ஷேட் ஆனது, வேற்றுமை ஏற்ற வடிவம் ஷேடோ ஆனது. பிறகு வேற்றுமை உருபெல்லாம் உதிர்ந்துபோக, இரண்டு வடிவமும் அனாதையாக நின்று ஆளுக்கொரு அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டன. புல்வெளிக்கு 'மெடோ' என்று இருக்கிறதே, அதற்கும் 'மீட்' என்று ஒரு அண்ணன் உண்டு. அவன் இப்போது பழைய கவிதைகளில் மட்டும்தான் தட்டுப்படுவான். 'மரம்' ஒரு பொருளிலும் 'மரத்து' வேறு பொருளிலும் தனித்தனிச் சொல்லாகிவிட்டால் எப்படி இருக்கும், அப்படி.

சேஃப்டி, செக்யூரிட்டி: இரண்டும் பாதுகாப்புதானே?
– தொழிற்சாலை மேற்பார்வையாளர், சாத்தூர்

தமிழில் ஆமாம். உங்கள் தொழிற்சாலை வாசலில் காக்கிச் சட்டை போட்டு உட்கார்ந்திருப்பவர் செக்யூரிட்டி. உள்ளே 'செல்போன் கொண்டுவராதே, மருந்தைத் தேய்க்காதே' என்று எழுதியிருப்பது சேஃப்டி. திருடன், எதிரி, கெட்ட எண்ணத்தோடு வருகிறவன் இவர்களிடமிருந்து காப்பது செக்யூரிட்டி. யாரும் வேண்டுமென்று செய்யாத விபத்திலிருந்து காப்பது சேஃப்டி. விமான நிலையத்தில் பையைத் துழாவுவது செக்யூரிட்டி, உட்கார்ந்ததும் பெல்ட் போடச் சொல்வது சேஃப்டி.

சாத்தூர்க்காரருக்கு சேஃப்டி என்றால் தீப்பெட்டிதான் ஞாபகம் வரும். 'சேஃப்டி மேட்ச்சஸ்' என்று லட்சக்கணக்கான லேபிளில் படித்திருக்கிறேன். அது விளம்பர வார்த்தை இல்லை. ஆரம்பகாலத் தீக்குச்சியில் வெள்ளை பாஸ்பரஸ் இருந்தது. எங்கே உரசினாலும் பற்றும், சட்டைப்பையிலும் பற்றும். செய்கிற தொழிலாளிக்குத் தாடை எலும்பே அழுகும். ஸ்வீடன்காரர் ஒருவர் 1844-இல் விஷமில்லாத சிவப்பு பாஸ்பரஸை எடுத்துப் பெட்டியின் பக்கவாட்டில் பூசி, குச்சித் தலையில் வேறு மருந்தை வைத்தார். இரண்டும் சந்தித்தால்தான் தீ. 1923-இல் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டு திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் ஆரம்பித்த தீப்பெட்டித் தொழிலும் இந்தக் குச்சியைத்தான் நம்பி வளர்ந்தது.

செக்யூரிட்டியின் லத்தீன் வேருக்கு 'கவலை இல்லாமல்' என்று பொருள். ராத்திரி மூன்று மணிக்கு நாற்காலியில் தூங்கும் செக்யூரிட்டியைப் பார்த்தால் இது ஞாபகம் வரும்.

இவரே கேட்ட இன்னொரு கேள்வி: டேங்கர் லாரியின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதுகிறார்களே, 'இன்' வந்தால் எதிர்மறை ஆகாதா, அப்போது அது தீப்பற்றாது என்றுதானே அர்த்தம்? இல்லை, நன்றாகப் பற்றும். அங்கே உள்ள 'இன்' மறுப்பு இல்லை, 'உள்ளே மூட்டு' என்கிற லத்தீன் சொல்லின் பகுதி. ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான். உங்களைப் போலவே மற்றவர்களும் பயந்ததால், 1920-களிலிருந்தே அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கம் 'இன்'னை வெட்டிவிட்டு ஃப்ளேமபிள் என்றே எழுதுங்கள் என்று சொல்லிவருகிறது. நம் லாரிகள் இன்னும் கேட்கவில்லை.

கன்டினியூவஸ், கன்டினியுவல்?
– வாசகர், தேனி

கேள்வியே தந்தி மாதிரி இருக்கிறது, பதிலும் அப்படியே. இடைவிடாமல் ஓடினால் கன்டினியூவஸ். விட்டு விட்டுத் திரும்பத் திரும்ப வந்தால் கன்டினியுவல். அருவி முதல் ரகம், பக்கத்து வீட்டு நாயின் குரைப்பு இரண்டாம் ரகம். டாட் மேட்ரிக்ஸ் பிரின்டருக்கு ஓரத்தில் ஓட்டை போட்டு மடித்து மடித்து வருமே ஒரே நீளத் தாள், அதற்கு கன்டினியூவஸ் ஸ்டேஷனரி என்று பெயர். அதை நினைவில் வைத்தால் போதும்.

ஹிஸ்டாரிக், ஹிஸ்டாரிகல்?
– அதே வாசகர்

இதற்குத் தமிழிலேயே பதில் தயாராக இருக்கிறது. 'வரலாற்றுச் சிறப்புமிக்க' என்று சொல்லவந்தால் ஹிஸ்டாரிக், வெறும் 'வரலாற்று' என்றால் ஹிஸ்டாரிகல். 1947 ஆகஸ்ட் 15 ஹிஸ்டாரிக். ராஜா ராணி வரும் நாவல் ஹிஸ்டாரிகல்.

போன இதழில் 'டை கட்டிங்' பற்றி எழுதும்போது, டை என்பதில் ஒய் வரும் என்று சொல்லியிருந்தீர்கள். ஐதானே வரவேண்டும்? ப்ரூஃப் பார்த்தவரே இப்படிச் செய்யலாமா?
– ஓய்வுபெற்ற தபால்காரர், காரைக்குடி

செய்யக்கூடாதுதான், ஐயா. பிழை என்னுடையது. அட்டையை வடிவமாக வெட்டும் இரும்பு அச்சுக்கு ஐ. துணிக்கும் தலைமுடிக்கும் போடும் சாயத்துக்கு ஒய். காதுக்கு இரண்டும் ஒன்றுதான், தமிழில் எழுதினாலும் 'டை'தான்.

ஐ போட்ட எழுத்துகளே 'சாவது' என்கிற வினைச்சொல்லுக்கும் வரும். இன்னும் மோசம், கூட 'இங்' சேரும்போது. சாயம் போடுவதற்கு 'டையிங்' என்று எழுதினால் ஒய்க்குப் பின்னால் ஒரு ஈயும் விடாமல் வரவேண்டும். அந்த ஈ விழுந்துவிட்டால் 'செத்துக்கொண்டிருக்கிற' என்று அர்த்தம். ஈரோட்டுப் பக்கம் ஒரு சாயப்பட்டறைக்குப் பில் புத்தகம் அடிக்கக் கொடுத்தார்கள். பழைய பில்லில் கம்பெனிப் பெயரிலேயே அந்த ஈ இல்லை. நான் போன் போட்டு முதலாளியிடம், 'சார், உங்கள் கம்பெனி செத்துக்கொண்டிருக்கிறது என்று அச்சாகியிருக்கிறது, திருத்திவிடட்டுமா?' என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: 'வேண்டாம்ணே. இருபது வருஷமா பேங்க் கணக்கு, கரண்ட் கனெக்‌ஷன் எல்லாம் அந்தப் பேர்லதான் இருக்கு. இப்ப மாத்தினா செக்கு பாஸாகாது.'